இரண்டு கோப்பைக்கு



கார்த்திகை கழிந்து மார்கழிப் பனி விழத் தொடங்கியதும், நம் பங்குகளில் அதிரசத்திற்கு அரிசி ஊறவைக்கும் பேச்சும், கேக்குக்கு உலர்ந்த திராட்சை வாங்கும் பேச்சும் எழுவது வழக்கம். பிறந்த பாலனின் பெயரால் அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு ஏந்திச் செல்வது நம் குடும்பங்களின் பழைய நற்பழக்கம். இம்மாதம், வேறொரு நாட்டில் இதே நாட்களில் கைமாறும் ஓர் எளிய பரிசைப் பற்றியும், அதனால் நாம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியும் எழுத விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆயர் அவர்களின் அனுமதியோடு அமெரிக்க நாட்டின் வடபகுதியிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்திற்குச் சென்று, அங்கே ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால்நாடு' எனப் பொறித்திருக்கும் மாநிலம் அது. முதற் குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்து, அதன்மீது ஊரார் நடந்து சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதைக் கண்டோம். தண்ணீர்மேல் நடக்கத் தொடங்கி அஞ்சி அமிழ்ந்த பேதுரு இவ்வூரில் பிறந்திருந்தால் தொல்லையின்றி நடந்திருப்பாரே என்று எண்ணி நமக்குள் சிரித்துக்கொண்டோம்.

திருவருகைக் காலத்தின் முதற் சனிக்கிழமையன்று, பங்கின் மாதர் சங்கத்தார் ஆலய மண்டபத்தில் கூடினர். நீண்ட மேசையில் கழுவி உலர்த்திய கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. கோகோத்தூளும் பால்பொடியும் சர்க்கரையும் மூட்டையளவில் வந்து இறங்கின. வெந்நீரோ காய்ச்சிய பாலோ சேர்த்தால் உடனே சூடான கோகோ பானம் ஆகிவிடும்படி, எல்லாவற்றையும் அளவோடு கலந்து, ஜாடியில் நிரப்பி, சிவப்பு நாடா கட்டி, முதியோருக்கும் நோயாளருக்கும் கிறிஸ்மஸ் பரிசாக அனுப்புவது அச்சங்கத்தின் ஆண்டு வழக்கம். வேடிக்கை பார்க்கச் சென்ற நம் கையில் ஒரு சல்லடையைக் கொடுத்து, "ஃபாதர், கோகோவைச் சலியுங்கள்" என்றார், எழுபது வயதைக் கடந்த சங்கத் தலைவி.

சலிப்பானேன் என்று வினவினோம். அந்த அம்மையார் தெளிவாக விளக்கினார். கோகோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. 1828-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் அவ்விதையை அழுத்திக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றனர். அதன் பின்னரே கோகோ தூளாக வீடுகளுக்கு எளிதில் வந்தது. ஆயினும் தூளில் சிறிது கொழுப்பு எஞ்சியிருப்பதால் அது கட்டி கட்டியாகத் திரளும். சலிக்காத கோகோ கோப்பையில் மிதக்குமேயன்றிக் கலவாது.

அவர்கள் கலந்த அளவை நம் இல்லங்களுக்கு ஏற்ற கணக்கில் தருகிறோம். பால்பொடி 300 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், இனிப்புச் சேராத கோகோத்தூள் 100 கிராம், கடையில் கார்ன்ஃபிளவர் எனக் கேட்டு வாங்கும் வெண்ணிறச் சோளமாவு 4 தேக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. இவை அனைத்தையும் இருமுறை ஒன்றாகச் சலித்துக் கலந்தால், அரை லிட்டர் கொள்ளும் இரண்டு ஜாடிகள் நிரம்பும். உப்பு எதற்கென்று ஐயுற வேண்டாம். அது கோகோவின் கசப்பைத் தணிக்கும். கோகோ நீரில் கரைவதன்று, மிதந்து பின் அடியில் படிவது. சூட்டில் சற்றே கெட்டியாகும் சோளமாவு அதனைப் படியவிடாமல் தாங்கிக்கொள்ளும்.

மணத்திற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கொணர்ந்தனர். பால்பண்ணை வேலைக்காக மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்மணி ஒருவர், இலவங்கப்பட்டைத் தூளும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் சேர்த்தார். ஐரோப்பியர் கோகோவைக் காண்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பானமாக்கி அருந்திய மண்ணின் மகள் அவர். எவரும் மறுத்துப் பேசவில்லை. இன்னொருவர் ஆயனின் கோல்போல் வளைந்த புதினா மிட்டாயை இடித்துச் சேர்த்தார். வனிலாச் சாற்றை ஊற்ற முற்பட்ட ஓர் இளம்பெண்ணைத் தலைவி தடுத்தார். ஈரமே இக்கலவையின் பகை. சாறு ஊற்றினால் பொடி கட்டிவிடும். அதற்கு மாறாக வனிலாக் காயைக் கீறிச் சர்க்கரையில் ஒரு வாரம் புதைத்து வைத்தால், சர்க்கரையே மணம் ஏற்றுக்கொள்ளும் என்றார். நாம் தயங்கித் தயங்கி நம் பெட்டியிலிருந்த ஏலக்காயைப் பொடித்து நீட்டினோம். நார்வே நாட்டு வழிவந்த மூதாட்டி ஒருவர் அதனை முகர்ந்ததும் முகம் மலர்ந்து, "எங்கள் பாட்டியின் கிறிஸ்மஸ் ரொட்டி மணம்!" என்றார். நம் மலைச்சரக்கு அவர்களுக்குப் புதிதன்று என்பதை அன்றுதான் அறிந்தோம்.

கோகோ, சர்க்கரை, பால்பொடி என அடுக்கடுக்காக நிரப்பினால் ஜாடி கண்ணுக்கு அழகாக இருக்குமே என்றனர் இளம்பெண்கள். "கலக்காமல் கரண்டியிட்டு எடுப்பவருக்கு முதல் கோப்பை வெறும் பாலாகவும், கடைசிக் கோப்பை வெறுங் கசப்பாகவும் இருக்கும், முதியோருக்குக் கலந்தே அனுப்புங்கள்" என்று தலைவி முடித்துவிட்டார்.

இத்தகைய கலவை கடையில் விற்கிறதே, எதற்கு இந்த உழைப்பு என்று கேட்கத் தோன்றும். நாமும் கேட்டோம். கடைக் கலவையின் வரலாறும் அம்மாநிலத்தையே சார்ந்தது. மெனோமனி என்னும் ஊரில் சார்லஸ் சானா என்பாரின் குடும்பம் பால்பொருள் தொழில் நடத்தியது. கொரியப் போர்க்காலத்தில் படைவீரர்களின் காப்பிக்கெனப் பாலேட்டுப் பொடி செய்து கொடுத்தனர். பொடி தேவைக்குமேல் மிஞ்சிப்போகவே, அதனை வீணாக்க மனமில்லாத சானா, கோகோவும் சர்க்கரையும் சேர்த்து, வெந்நீரில் கலக்கும் கலவையை உருவாக்கினார். அதுவே பின்னர் ஸ்விஸ் மிஸ் என்னும் பெயரில் கடைகளை எட்டியது. அவர் 2019-இல் காலமானார். "நல்ல கலவைதான், ஃபாதர். ஆனால் யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்குப் புதினா பிடிக்காது என்று அந்தப் பொட்டலத்திற்குத் தெரியாதே!" என்றார் தலைவி. சர்க்கரை நோயுள்ளோருக்குச் சர்க்கரை சேராத கலவை. பால் ஒவ்வாதோருக்கு வேறு பரிசு. ஒவ்வொரு ஜாடியிலும் கலந்த பொருள்களும் கலந்த தேதியும் எழுதிய சீட்டு. இவ்வளவு கவனத்தோடு அவர்கள் செய்தனர்.

அவ்வளவு கவனத்தையும் வீணாக்கியவர் நாமே. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஜாடிகளை வீடுகளுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு நம்முடையது. ஒரே பிற்பகலில் பதினான்கு வீடுகள். வெளியே உடலை உறையவைக்கும் குளிர். நான்கரை மணிக்கெல்லாம் இருட்டு. கதவைத் தட்டி, வாழ்த்துக் கூறி, ஜாடியைக் கையில் கொடுத்து, பட்டியலில் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைந்தோம். இருட்டுமுன் பணி முடிந்தது. மிகவும் நிறைவாக உறங்கினோம்.

மறு ஆண்டு அதே நாட்களில், வீட்டை விட்டு வெளியே வர இயலாத ஒரு முதியவருக்கு நற்கருணை கொண்டு சென்றோம். ஐம்பது ஆண்டுகள் பசுக்களோடு வாழ்ந்த பால்பண்ணையாளர் அவர். மனைவி இறந்துவிட்டார், மக்கள் தொலைவில். நற்கருணை வழங்கிய பின் புதிய ஜாடியை மேசையில் வைத்தோம். அப்போது சமையலறை அலமாரியில் நம் கண்ணில் பட்டது பழைய ஜாடி. சென்ற ஆண்டு நாம் கொடுத்தது. சிவப்பு நாடாகூட அவிழ்க்கப்படவில்லை.

"இனிப்பு உங்களுக்கு ஆகாதோ?" என்று கேட்டோம்.

"அப்படியொன்றும் இல்லை, ஃபாதர்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "மாலையில் கறவை முடிந்து நான் தொழுவத்திலிருந்து வரும்போது அவள் அடுப்பில் கோகோ வைத்திருப்பாள். இரண்டு கோப்பை. இப்போது ஒருவனுக்காக யார் அடுப்பு மூட்டுவது?"

நமக்கு மறுமொழி எழவில்லை. ஓராண்டு முழுவதும் அந்த ஜாடி நம்மைக் குற்றஞ்சாட்டிக்கொண்டு அங்கே நின்றிருக்கிறது. மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "பாத்திரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். பழைய கலவை ஈரம் ஏறிக் கல்லாகி, பால்பொடி சிக்கு நாற்றம் அடித்தது, அதனைக் கொட்டிவிட்டோம். வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பால் கறந்து தந்தவரின் வீட்டில் அன்று ஒரு துளிப் பால் இல்லை. கலவையில் பால்பொடி எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. தண்ணீரையே கொதிக்க வைத்து, முதலில் சிறிதளவு வெந்நீரில் பொடியைக் கூழாகக் குழைத்து, பின் எஞ்சிய நீரை ஊற்றி, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறினோம். அவர் மெல்ல எழுந்து வந்து, அலமாரியின் பின்னாலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்துத் துடைத்தார்.

அன்று ஒரு மணி நேரத்திற்கு மேல் அங்கே இருந்தோம். பசுக்களின் பெயர்களைச் சொன்னார். மனைவியின் பெயரைச் சொன்னார். புறப்படும்போது ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இன்னும் நிறைய இருக்கிறதே, ஃபாதர். அடுத்த வாரம் வருவீர்களா?" என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கோப்பைக்கு 150 மில்லி நீருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி. அப்படியானால் ஒரு ஜாடி பத்துக் கோப்பை. இருவர் அருந்தினால் ஐந்து சந்திப்பு. நாம் கொடுத்தது ஒரு ஜாடிப் பொடி என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது ஐந்து மாலைப்பொழுதுகள். முதலாண்டில் பதினான்கு வீடுகளிலும் அவற்றைக் கொடாமலே திரும்பியிருந்தோம்.

இதனைச் சங்கத் தலைவியிடம் கூறினோம். அவர் நம்மைக் கடியவுமில்லை, தேற்றவுமில்லை. எழுதுகோலை எடுத்து, சீட்டில் 'ஒரு கோப்பைக்கு மூன்று மேசைக்கரண்டி' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'இரண்டு கோப்பைக்கு ஆறு மேசைக்கரண்டி' என்று எழுதினார். அடுத்த ஆண்டு முதல் பதினான்கு வீடுகளைப் பதினான்கு குடும்பங்கள் ஏற்றன. ஜாடியைக் கொடுப்பவரே முதல் இரண்டு கோப்பையைக் கலந்து, உடனமர்ந்து அருந்திவிட்டு வரவேண்டும் என்பது விதியாயிற்று.

சாக்லேட் பானம் அருந்தினால் நோன்பு முறியுமா என்று முற்காலத்தில் திருச்சபையில் பெரிய வாதம் நிகழ்ந்ததுண்டு. அது பானமேயாதலால் நோன்பை முறிக்காது என்று கர்தினால் பிரான்காச்சோ 1664-இல் உரோமையில் ஒரு நூலே வெளியிட்டார். நாம் அறிந்தவரை, அது முறிக்கக்கூடிய நோன்பு ஒன்று உண்டு. பேச ஆளின்றி முதியோர் தம் வீட்டுக்குள் இருந்துவரும் நோன்பு அது.

நம் பங்குகளிலும் அத்தகைய வீடுகள் பெருகி வருகின்றன. மக்கள் கடல் கடந்து பிழைக்கச் சென்றிருக்க, பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு இருக்கும் தாய்மாரையும் தந்தைமாரையும் நீங்கள் அறிவீர்கள். விருப்பமுள்ளோர் இக்கலவையைச் செய்து பாருங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதியாதலால், ஜாடியையும் கரண்டியையும் வெயிலில் நன்கு உலர்த்துங்கள். மூன்று மாதத்திற்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமாயின் கொழுப்பு நீக்கிய பால்பொடி ஏற்றது. அன்றி, உங்கள் கையில் இருப்பது அதிரசமோ முறுக்கோ ஆயினும் குறையில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே செல்லுங்கள், அடுப்பு மூட்டுங்கள், இரண்டு கோப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்த முதியவரோடு ஐந்து மாலைகள் அமர்ந்திருந்தோம். ஜாடி தீர்ந்தபின்னும் சென்றோம். அவர் பால் வாங்கி வைத்திருந்தார்.

பிறக்கவிருக்கும் பாலன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.