மிஸ்வாக் குச்சியும் புண்பட்ட வாயும்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த உரிமையை நிறைவேற்றச் செல்லும் நம்மவர்களில் சிலர், கீமோதெரபி பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் காய்ந்த மிஸ்வாக் குச்சியைத் திணித்து, பிரஷைத் தூக்கி எறியுமாறும் ஸுன்னத்தில் மட்டுமே ஷிஃபா உண்டென்றும் உபதேசம் செய்துவிட்டு வருகின்றனர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். மிஸ்வாக்கின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. அதனை நம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். எந்த நோக்கத்திற்காக அது ஸுன்னத்தாக்கப்பட்டதோ, அந்த நோக்கத்தையே சிதைப்பதைத்தான் மறுக்கிறோம்.

அந்த நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கடும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை ஒன்றில் சைட்டராபின் மருந்து 7 நாட்களும் டானோரூபிசின் மருந்து 3 நாட்களும் செலுத்தப்படுகின்றன. விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பது இம்மருந்துகளின் வேலை. புற்றணுவும் விரைந்து பெருகுகிறது. வாயின் உட்தோலும் விரைந்து பெருகுகிறது. எனவே ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் வாய் சிவந்து, வெந்து, புண்ணாகிறது. அதே நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அடிமட்டத்திற்குச் சரிந்துவிடுகின்றன. நலமாக இருக்கும்போது நம் வாயில் எந்தத் தொல்லையும் தராத கிருமிகள், அப்போது புண்ணின் வழியே இரத்தத்தில் புகுந்துவிடும். புற்றுநோய்க்குத் தப்பியவர் இந்தத் தொற்றினால் இறந்துபோகக் கூடும். இந்த நிலையில் ஈறைக் கீறும் குச்சியை அவரிடம் கொடுப்பதற்கு என்ன பெயர் சூட்டுவது?

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்ததை இவர்கள் ஓதவில்லையா? அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்குடன் வந்தார்கள். நபியவர்களின் பார்வை அதன்மீது நிலைப்பதைக் கண்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை வாங்கி, மென்று மிருதுவாக்கியே கொடுத்தார்கள். நோயாளிக்காக மிருதுவாக்குவதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். (இதைப் படித்துவிட்டு யாரும் நோயாளிக்குக் குச்சியை மென்று கொடுக்கப் புறப்பட வேண்டாம், நம் வாய்க் கிருமி இன்று அவருக்கு நஞ்சு.) ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், காயப்படுத்துமளவு காய்ந்த குச்சி வேண்டாம் என்றும், வாயின் அசுத்தத்தை நீக்கும் பொருள் எதுவாயினும் ஸுன்னத் நிறைவேறும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மிக மென்மையான தூரிகை கொண்ட பிரஷ் ஸுன்னத்திற்கு எப்படி எதிரியாகும்?

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். உடனிருந்தவர்கள் அனுமதி மறுத்தனர். அவர் குளித்தார், இறந்துபோனார். அச்செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. அறியாதவர் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்பதே அக்கண்டனத்தின் சாரம். மருத்துவ வார்டில் ஃபத்வா வழங்குவோர் அந்த ஹதீஸை மீண்டும் ஒருமுறை ஓதட்டும்.

இவர்களைவிட அதிகத் தீங்கு செய்வோர் மற்றொரு சாரார் உண்டு. “பாவம், வலிக்கிறது, இரண்டு நாள் வாயைத் தொடாமல் விடுங்கள்” என்று சொல்லும் நம் வீட்டுப் பாசக்காரர்கள்தாம் அவர்கள். புண்ணான வாயைத் துலக்காமல் விட்டால் கிருமி பெருகும். வெள்ளைப் படலமாகப் பூஞ்சை படரும். விழுங்கவும் முடியாமல் போகும். வலி இருந்தால் வலிமருந்து கேட்டு வாங்கி, அதன்பின் துலக்க வேண்டுமே தவிர, துலக்குவதையே நிறுத்துவது இரக்கமாகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் சொத்தையையும் ஈறு நோயையும் காட்டிவிட வேண்டும். பின்னர் மென்மையான பிரஷால் நாளுக்கு இரண்டு மூன்று முறை துலக்க வேண்டும்; தட்டணுக்கள் மிகக் குறைந்து இரத்தம் கசிந்தால் பிரஷுக்குப் பதில் ஈரத் துணியா, பஞ்சா என்பதை மருத்துவர் சொல்வார். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து, விழித்திருக்கும் வேளைகளில் சில மணி நேரத்திற்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், உலர்த்தும், வேண்டாம். பொய்ப்பல் இருந்தால் உறங்கும்போது கழற்றி வைக்க வேண்டும்.

உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்தே. புண்ணால் அது இயலாதவரின் உளூ கூடிவிடும். நோயாளிக்கு நோன்பில் சலுகையைக் குர்ஆனே அல்பகரா அத்தியாயத்தில் வழங்கியிருக்க, அதை மறுத்து அவரை வதைக்க நாம் யார்?

நலம் விசாரிக்கச் செல்வோர் சளி, இருமல் இருந்தால் போகாமல் வீட்டிலிருந்தே துஆச் செய்யட்டும். போனால் அல்வாப் பொட்டலத்திற்குப் பதில் ஒரு மென்மையான பிரஷ் வாங்கிச் செல்லட்டும். உடன் தங்குவோர் தெர்மாமீட்டரை அருகில் வைத்திருக்கட்டும். வீடு திரும்பிய நோயாளிக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், ஓதி ஊதுவதை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.