தூக்குகிற கைக்கு மார்க் போடுவது யார்?

காலை ஆறு மணிக்கு ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் ஸ்டேஷன்களில் மின்சார ரயில் ஏறும் பெண்களில் ஒரு பகுதியினர் எந்த ஃபேக்டரிக்கும் போவதில்லை. பூந்தமல்லியிலும் குமணன்சாவடியிலும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிலும் இவர்கள் உண்டு. இவர்கள் போவது முகப்பேரிலோ அண்ணாநகரிலோ ஏதோ ஒரு வீட்டின் உள்ளறைக்கு. அங்கே பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர் இருப்பார். அல்லது நினைவு தப்பிப்போன ஒரு அம்மா, இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி. பீ துடைக்க வேண்டும், மூத்திரப் பை மாற்ற வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், புரட்டிப் போட வேண்டும். ஏஜென்சிக்காரர் இதை 'ஹோம் கேர்' என்கிறார். நம்ம பெண்கள் 'பேஷண்ட் பாத்துக்கற வேலை' என்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் அறுபது வயது தாண்டியவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஃப்ளாட்டில். ஆகவே இந்தச் சந்தை வளர்கிறது. சந்தை வளர்ந்தால் 'தரம்' என்ற பேச்சும் வந்தே தீரும். மாதக் கடைசியில் ஏஜென்சியிலிருந்து வீட்டுக்காரருக்கு போன் வருகிறது: "ஆயா எப்படிங்க, திருப்தியா?" செல்போனில் ஐந்து நட்சத்திரம் கேட்கிறார்கள். மதிப்பீடு முடிந்தது.

நண்பர்களே, இந்த மதிப்பீட்டின் மேல்தான் நமக்குச் சந்தேகம். பணம் கொடுக்கிறவரிடம் மட்டும் கேட்டால் என்ன பதில் வரும்? நேரத்துக்கு வந்தாளா, எதிர்த்துப் பேசினாளா, லீவு கேட்டாளா என்பதுதான் வரும். இது பணிவுக்குப் போடுகிற மார்க். பராமரிப்பு வேறு விஷயம். படுக்கையில் கிடப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினார்களா? வால் எலும்பு, குதிகால், இடுப்பு எங்கேயாவது தோல் சிவந்திருக்கிறதா? தலையை உயர்த்தி உட்கார வைத்துத்தான் கஞ்சி ஊட்டுகிறார்களா, படுத்த வாக்கில் ஊற்றி நுரையீரலுக்குள் போக விடுகிறார்களா? உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துகிறார்களா? தொடுவதற்கு முன்னால் 'தொடப் போறேன்ம்மா' என்று ஒரு வார்த்தை சொல்கிறார்களா? இதெல்லாம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கிடக்கிறவர். இன்னொருவர் தூக்குகிறவர். முதலாமவரால் பல சமயம் பேச முடியாது. ரெண்டாமவரை யாரும் கேட்பதில்லை.

இதை எழுதுகிறவன் வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். வருஷா வருஷம் நவம்பரில் பென்ஷன்காரர்களிடம் உயிர்ச் சான்று வாங்குகிறோம். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை செய்ய வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொன்னது. அதில் இந்தச் சான்றும் சேர்த்தி. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சரிபார்க்க இத்தனை ஏற்பாடு. எப்படி இருக்கிறார் என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மதிப்பீட்டுக்கென்றே ஆபீஸ் வைத்திருக்கிற நாடுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒன்று இயங்குகிறது. வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் அது பரிசோதிக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஈடு கொடுக்கிறதா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்வி. நல்ல கேள்விகள்தான். ஆனால் 2011இல் அங்கே சமத்துவ, மனித உரிமை ஆணையம் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி நடத்திய விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. முதியவர்கள் பலர் புகார் சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் வருகிற உதவியும் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வேலைக்கு வருகிற பெண்ணுக்குச் சிக்கல் வருமே என்ற கவலை இன்னொரு பக்கம். பரிசோதகர் உள்ள ஊரிலேயே இப்படி என்றால் பரிசோதகர் எட்டிப் பார்க்காத ஊரில்?

நம் ஊரில் பயத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் தலித் பெண்கள் அல்ல. ஆனால் வேலைக்குச் சேரும்போது 'என்ன ஆளுங்க?' என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. கிழவரின் பீயைத் துடைக்கிற கை, அதே வீட்டில் தண்ணிப் பானையைத் தொடக்கூடாது. பாத்ரூம் வரைக்கும் வரலாம், சமையல்கட்டுக்கு வரக்கூடாது. தனி டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அழுக்கைத் தொடுவது நம் கடமை, தண்ணீரைத் தொடுவது அவர்களுக்குத் தீட்டு. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கை இன்றைக்கு ஒரு படுக்கையறைக்குள் நின்றுகொண்டே பார்க்கலாம். தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டுக்கு 'தரமான பராமரிப்பு நடக்கும் இல்லம்' என்று யார் சான்று தர முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமென்றால் அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வீட்டின் நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது அந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் உத்தரகாண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்ம பெண்ணுக்கு வேலையிடமே அந்த நாலு சுவர்தான். கேட்பதற்கு அங்கே இருப்பது பேச்சிழந்த ஒரு நோயாளி. ஆனால் 2013இல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்று ஒப்புக்கொண்டு, வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு வைத்தது. ஒரு சட்டத்துக்குப் பணியிடமாகத் தெரிகிற வீடு இன்னொரு சட்டத்துக்கு மட்டும் ஏன் மூடிய பெட்டி?

கூலிக்கணக்கும் பார்த்துவிடுவோம். 2018இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. சாதாரண வேலைக்கு அன்றைக்கு மணிக்கு 37 ரூபாய். அந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் இருபத்துநாலு மணி நேர டூட்டியில் தங்குகிறவளுக்கு ஒரு நாளைக்கு 888 ரூபாய். ஏஜென்சி கமிஷன் போக எவ்வளவு கைக்கு வருகிறது என்று உங்கள் தெருப் பெண்களைக் கேளுங்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்தவள் காலையில் பத்திரமாகத் தூக்குவாளா? அவள் தூக்கம் கெட்டால் கிழவரின் தோல் கெடும். ரெண்டும் ஒரே கணக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவள் டூட்டிக்குப் போன பிறகு அவளுடைய அம்மாவை யார் பார்ப்பது? சேரியிலும் கிழவிகள் படுக்கையில் விழுகிறார்கள். அங்கே ஏஜென்சி வராது. மருமகள் கூலி வேலையை விடுவாள். இல்லையென்றால் பேத்தி பள்ளிக்கூடத்தை விடுவாள். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் தெருவுக்குள்ளும் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. பிசியோதெரபியும் வலி தணிப்பும் வந்தன. இதை வரவேற்கத்தான் வேண்டும். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளியைத் தொட்டோம் என்று விழா எடுத்தார்கள். எத்தனை வீடு போனோம் என்பது ஒரு எண்ணிக்கை. போன வீட்டில் புண் ஆறியதா, வலி குறைந்ததா, பேத்தி பள்ளிக்குத் திரும்பினாளா என்பது வேறு கணக்கு. அதைத்தான் நாம் கேட்கிறோம். வீடு வீடாக நடக்கிற பெண் தன்னார்வலர்களை 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் ஊழியக்காரியாகவும் இல்லாமல் தொண்டராகவும் இல்லாமல் வைத்திருப்பது என்ன தரம் என்றும் கேட்கிறோம்.

முடியாததைக் கேட்கவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி, சாந்துவ சிகிச்சை முயற்சி 90களின் கடைசியில் அக்கம்பக்கத்து ஆட்களின் வலைப்பின்னலாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. நர்ஸோடு தெருக்காரரும் உள்ளே போய்ப் பார்க்கிறார். நாலு சுவருக்கு ஒரு ஜன்னல் கிடைக்கிறது.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: "இது அடிமை வேலை. நம்ம பெண்கள் இதைத் தூக்கியெறியணும். இதுல என்னய்யா தரம்?" 1927இல் மகாடில் செத்த மாட்டை இழுப்பதை விடச் சொன்னார் அம்பேத்கர். அந்தக் குரலை நாம் மறக்கவில்லை. நம் மகள்கள் இந்த வேலைக்குத்தான் போகவேண்டும் என்ற விதியை உடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனுஷ உடம்பைப் பார்த்துக்கொள்வது இழிவல்ல. இன்ன சாதிக்காரி இன்ன விலைக்குப் பார்த்துக்கொள் என்பதுதான் இழிவு. இன்றைக்கு டூட்டியில் இருப்பவளிடம் 'நாளைக்கு விடுதலை' என்று சொல்லிவிட்டு நாம் கவிதை எழுதப் போய்விட முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள். தரம் பார்க்க வருகிறவர் கிடக்கிறவரையும் தூக்குகிறவரையும் தனித்தனியாக, வீட்டுக்காரர் இல்லாமல் சந்திக்க வேண்டும். நோயாளியின் தோலைப் பார்க்கிற அதே தாளில் பணியாளின் தூக்கம், கையுறை, வாரவிடுப்பு, டம்ளர் நாலும் பதிவாக வேண்டும். சாதி கேட்கிற ஏஜென்சிக்கு உரிமம் கூடாது. 2007இல் அமைத்த வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் இந்தப் பெண்கள் ஒருவர் விடாமல் சேர்க்கப்பட வேண்டும். அதை அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நம் தோழர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் படிவத்தோடு தெருவில் இறங்க வேண்டும்.

இந்த வேலைக்குப் போகிற அக்காமார்களே, தங்கைகளே, உங்கள் டூட்டியைப் பற்றி எழுதி அனுப்புங்கள். எழுத வராதென்றால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயர் போடமாட்டோம். உங்களுக்கு மார்க் போட்டவர்களுக்கு இனி நீங்கள் மார்க் போடுங்கள்.