தையல் பிரித்தாயிற்று, விரல் ஏன் மடங்கவில்லை?

சம்பா அறுவடையில் கருக்கரிவாள் பட்டு, கணவரின் இடது கை மோதிர விரலில் உள்ளங்கைப் பக்கம் ஆழமான வெட்டு. பக்கத்து ஊரில் 4 தையல் போட்டு, 10 நாளில் பிரித்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் விரல் மட்டும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகுமா, குறுவைக்குள் அவர் மண்வெட்டி பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார் திருவாரூர் மாவட்ட வாசகி ஒருவர். வெட்டுப்பட்டு 18 நாள் ஆகிறதாம்.

எண்ணெய் வேண்டாம், உருவவும் வேண்டாம். இந்த வாரமே கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

ஊரில் இதை ‘நரம்பு அறுந்துபோச்சு’ என்பார்கள். விரலை மடக்குவது நரம்பு அல்ல, தசைநாண். விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து வெள்ளைக் கயிறு போன்ற நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குள் ஓடுகின்றன. கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலுக்கும் உள்ளங்கைப் பக்கம் 2 நாண்கள்: ஒன்று நடு மூட்டை மடக்கும், மற்றொன்று நுனியை மடக்கும். கிணற்று ராட்டினத்தில் கயிறு அறுந்தால் வாளியோடு ஒரு முனை உள்ளே போய்விடுவது போல, அறுந்த நாணின் முனையைத் தசை மேலே இழுத்துக்கொள்ளும். முனைகள் விலகி நிற்பதால் எலும்பு மாதிரி தானாகக் கூடாது. மேல் தோலை மட்டும் தைத்தால், வாய்க்கால் உடைந்ததை விட்டுவிட்டு வரப்பைப் பூசியது போலத்தான்.

தையல் போடும் முன் அரை நிமிடச் சோதனை போதும். விரலின் நடுப்பகுதியை மற்றொரு கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும். மடங்காவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்றே கொள்ளலாம். மடங்கினாலும் சுருக்கென்று வலித்தால் பாதி அறுந்திருக்கலாம். அது பிறகு முழுதாக அறுந்துபோகவும் கூடும். விரலின் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தால் கூடவே ஓடும் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கிறது. சோதிக்காமல் தைக்க வந்தால் குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம். அரிவாள் பட்டதும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துப் புறப்பட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

உள்ளங்கை ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையுள்ள இடத்துக்கு அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 2 நாண்களும் ஒரே குழாய்க்குள் நெருங்கி ஓடும் இடம் அது; அங்கே தைத்தால் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து கைவைக்க மாட்டார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹெரால்ட் கிளெய்னெர்ட் குழுவினர் அங்கேயே நேரடியாகத் தைத்து, சில நாளிலேயே விரலை அசைக்கவைத்து, நல்ல பலன் கிடைத்ததை 1967-ல் எடுத்துக்காட்டினார்கள். இன்று எங்கும் அதுதான் வழி. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையை 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேறு ஊரில் இருப்பவர்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேட்கலாம்.

வெட்டுப்பட்ட சில நாளுக்குள் தைப்பது உத்தமம். 2 வாரம் தாண்டினால் தசை சுருங்கி, குழாயும் அடைபடத் தொடங்கும். 18 நாளில் கதவு மூடிவிடவில்லை. சிலருக்கு இன்னும் நேராகத் தைக்க முடிகிறது, திறந்து பார்த்துத்தான் சொல்வார்கள். முடியாவிட்டால் முன்கையிலிருந்து வேறொரு நாணை எடுத்து ஒட்ட வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் புடைக்குமே, அந்த நாண். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அதனால் குறையும் இல்லை. குழாய் மோசமாகியிருந்தால் முதலில் சிலிகான் குச்சி வைத்து, சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அறுவை செய்வார்கள்.

பாதி வைத்தியம் அதற்குப் பிறகுதான். சுமார் 6 வாரம் ஸ்பிளின்ட் கட்டியிருக்க வேண்டும். கட்டுக்குள்ளேயே பிசியோதெரபி நிபுணர் சொன்னபடி தினமும் பல முறை விரலை அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பலமாக இழுத்தால் அறுந்துவிடும். ‘ஒரு வேளை பால்தானே’ என்று கட்டை அவிழ்த்து மாட்டின் காம்பைப் பிடித்தால் தையல் தாங்காது. மாடு கறக்க யார் என்பதை அறுவைக்கு முன்பே வீட்டில் முடிவு செய்துகொள்வது நல்லது. பாரம் தூக்க 12 வாரம் ஆகும்.

ஒரு விரல்தானே என்று விட்டுவிட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடிப்பது மோதிர விரலும் சுண்டுவிரலும்தான். பிப்ரவரியில் நேராகத் தைக்க முடிந்தால், மே கடைசியில் அவர் மண்வெட்டி எடுக்கலாம். குறுவை நாற்றங்காலுக்குக் கை இருக்கும். தள்ளிப்போட்டு 2 அறுவை ஆனால் குறுவை போய்விடும், அடுத்த சம்பா நடவுக்குத்தான் கை திரும்பும்.