சேணத்தின் மேலும் பேச்சு உண்டு

ஒரு சிறுமியின் தொடையில் சிவந்து கிடந்த தடத்திலிருந்து எங்கள் இயக்கம் பிறக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை, வாய்ப்பேச்சு இல்லை. கண்ணை மேலே உயர்த்தினால் 'வேண்டாம்' என்று அர்த்தம்; அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிகிச்சைக் குதிரையேற்றத்தின் அரை மணி நேரமும் அவள் மேலேயே பார்த்தாள். வானத்தை ரசிக்கிறாள் என்று பக்கத்தில் நடந்தவர்கள் மகிழ்ந்தார்கள். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, சேணத்தடியில் மடங்கிக் கிடந்த துணி அவள் தோலை உராய்த்திருந்தது. அவள் பேசப் பயன்படுத்தும் படப்பலகை அப்போது காரின் பின்சீட்டில் இருந்தது. அதை வைத்துவிட்டு வரச் சொன்னவர்களில் நாங்களும் உண்டு.

குதிரையின் நடை, ஏறியிருப்பவரின் இடுப்பை ஏறக்குறைய மனிதர் நடப்பது போலவே அசைக்கும். அதற்காகத்தான் பிள்ளைகளை அழைத்து வருகிறோம். ஆனால் உடம்பை ஏற்றிவிட்டு பேச்சை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் குதிரையேற்றத்தில், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். கால்களால் சொல்ல முடியாததை உடல் எடையாலும் முதுகின் அசைவாலும் சொன்னார். அவருடைய குதிரை ஜூபிலி அந்த மொழியைக் கற்றுக்கொண்டது. ஒரு குதிரை கற்றதை, அதன் கூடவே நடக்கும் நாமும் கற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்பு என்பதில் பிரெய்லி, சைகை மொழி, தொட்டுணர்த்தல், பேச்சுக்கு மாற்றான முறைகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. லாயத்துக்கும் அது பொருந்தும்.

ஆகவே அறிவிக்கிறோம்: பேச்சுப் பலகை இனிமேல் குதிரை மேல் ஏறும். வெயிலில் டேப்லெட் திரை கண்ணைக் கூசச் செய்யும். பளபளப்பில்லாத அட்டையில் 'போ', 'நில்', 'வலிக்கிறது', 'இன்னும்' என நான்கு படங்கள் இருந்தாலே தொடங்கிவிடலாம். அட்டையை வெல்க்ரோவால் சேணத்தின் முன்பக்கம் ஒட்ட வேண்டும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடவே கூடாது. விழுந்தால் அதுவே சுருக்காகிவிடும். வெல்க்ரோ பிரியும் 'சர்ர்' சத்தத்துக்குக் குதிரையை முன்கூட்டியே பழக்க வேண்டும்.

காது கேளாதவரிடம் முதுகுக்குப் பின்னாலிருந்து கட்டளை கத்துவதை நிறுத்துகிறோம். குதிரையை நிறுத்தி, எதிரே வந்து, சைகையில் சொல்வோம். ஹெல்மெட்டுக்குள் காது மிஷின் கீச்சிட்டால் சரிசெய்த பிறகே புறப்படுவோம். பார்வையற்றவருக்காக மைதானத்தின் ஒவ்வொரு எழுத்துக் குறியருகிலும் ஒருவர் நின்று அந்த எழுத்தைக் கூப்பிடுவார்; பாரா டிரஸ்ஸாஜ் எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் போட்டிகளில் இது நடைமுறையில் இருப்பதுதான்.

இரண்டு பக்கமும் நடப்பவர்கள் ஒரே நேரத்தில் பேசினால் பிள்ளை யாரைக் கவனிக்கும்? ஒருவர் கேட்கட்டும். கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கட்டும். விரலோ கண்ணோ பதில் சொல்லக் கிளம்புவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டோம்: 'நில்' என்று பிள்ளை காட்டினால் குதிரை அப்போதே நிற்க வேண்டும். பயிற்சி நேரம் மிச்சமிருந்தாலும், பெற்றோர் கட்டணம் கட்டியிருந்தாலும், அது விளையாட்டுக்குத்தான் என்று நமக்குத் தோன்றினாலும். ஒருமுறை நிற்காமல் போனால் அந்தப் படத்தைப் பிள்ளை மறுபடி தொடாது.

முதல் வேலையாக, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பேசும் விதத்தைப் பெற்றோரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். குதிரையைப் பிடித்து நடப்பவர் அதைப் படித்த பிறகே கயிற்றைக் கையில் எடுப்பார். முதல் பக்கத்தில் அந்தச் சிறுமி இருக்கிறாள்: கண் மேலே போனால், வேண்டாம்.