சுமை வண்டியின் விலையைச் சுமப்பவர் யார்?





சென்ற வாரம் நம் சபை வாலிபன் ஒருவன் தன் தாயாருடன் போதகர் இல்லத்திற்கு வந்தான். அவன் கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. புதிய பிக்கப் வண்டி வாங்க வேண்டும்; அதற்காக ஜெபிக்க வேண்டும்; முடிந்தால் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டும். இதுவே அவர்களுடைய விண்ணப்பம். வண்டியின் விலை, பதிவு, சாலை வரி, காப்பீடு, பின்தொட்டியை உயர்த்திக் கட்டும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். பத்து லட்சத்தைத் தாண்டியது. தாயார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இவங்க அப்பா வண்டி எடுத்தப்போ மூணு லட்சம்கூட ஆகலையே, ஐயா. இப்ப என்ன, தங்கத்திலயா செய்யுறாங்க?"

அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அதைவிடக் கடினமான வேறொரு கேள்வி என் முன் வந்து நின்றது. வண்டி ஏன் இந்த விலை விற்கிறது என்பதை ஒருவாறு விளக்கிவிடலாம். அந்த விலையை யார் சுமக்கிறார்கள் என்பதே நாம் விடை சொல்லவேண்டிய கேள்வி. இந்த வாரம் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, விலையைப் பற்றி நியாயமாகப் பேசுவோம். 2005-ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் 'ஏஸ்' வண்டியைச் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டார்கள். அதற்குப்பின் 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மலைச்சாலையில் அதிகப் பாரம் இழுக்க வேண்டியவர்கள் மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பை நாடினார்கள். தலைச்சுமையாகக் காப்பியையும் பலாவையும் சாலைவரை கொண்டுவந்த குடும்பங்களில் சில, ஒரே தலைமுறையில் வண்டிச் சொந்தக்காரர்கள் ஆயின. இது தேவன் தந்த நன்மை என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த வண்டிகள் கக்கிய கரும்புகையையும் நாம் மறக்கலாகாது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாடு பாரத் ஸ்டேஜ் 4 விதியிலிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறாம் படிக்குச் சென்றது. டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நச்சு வாயுவைக் குறைக்கும் அமைப்பும், அவற்றைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவிகளும் இயந்திரத்தோடு சேர்ந்தன. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்ட விதி வந்தது. வண்டி சாலையில் ஓடும்போதே அதன் புகையைக் கண்காணிக்க வேண்டும் என்றது. இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகிறது. ஏற்காட்டின் காற்றைச் சுவாசிக்கும் நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காகக் கொடுக்கும் விலை அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

வரியிலும் சிறிது ஆறுதல் கிடைத்திருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாயிருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய வரியோடு பத்து லட்சத்திற்கு விற்ற வண்டியில், குறைவின் பயனை முழுவதும் கொடுத்தால் ஏறத்தாழ 78,000 ரூபாய் மிச்சமாகும். வாங்குவோர் இதைக் கேட்டுப் பெறுங்கள். ஆயினும் தகப்பனார் கொடுத்த விலைக்கும் மகன் கொடுக்கப்போகும் விலைக்கும் உள்ள பள்ளத்தை இந்த ஆறுதல் நிரப்பிவிடாது.

அமெரிக்காவிலும் இதே முறையீடு கேட்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு புதிய வாகனத்தின் சராசரி விலை முதன்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. ஆனால் அங்கே பிக்கப் வாங்குகிறவர்களில் அநேகர் அதைக் குடும்பக் காராகவும் கௌரவ அடையாளமாகவும் வாங்குகிறார்கள். கிளியூரில் பிக்கப் என்பது அடுப்பில் உலை ஏறுவதற்கான வழி.

இப்போது கணக்கிற்கு வருவோம். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானோ என்னும் பொருளில் நம் ஆண்டவர் போதித்ததை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீஷத்துவத்தைப் பற்றிய போதனை அது. ஆனாலும் கேட்டவர்கள் அறிந்திருந்த உலகக் கணக்கையே அவர் உவமையாக எடுத்தார். ஆகவே அந்த வாலிபனோடு நானும் உட்கார்ந்து எழுதினேன். எட்டு லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 17,800 ரூபாய். முடிவில் வட்டியாக மட்டும் செல்வது ஏறத்தாழ 2,68,000 ரூபாய். மாதத்தில் 25 நாள் ஓடினால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு நாளும் 712 ரூபாய் தவணைக்காக எடுத்துவைக்க வேண்டும். இதன்மேல் காப்பீடு. இவ்வகை வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே ஆண்டுக்கு 16,049 ரூபாய் என்று 2022-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன்மேல் டயர், பிரேக், பழுது. முன்பு சாலையோர மெக்கானிக் சாவி கொண்டு திருத்திய பல கோளாறுகளுக்கு, இன்று கணினி வைத்துச் சோதிக்கும் பணிமனையைத் தேடிச் சேலத்திற்கு இறங்க வேண்டியிருக்கிறது.

நம் மலையின் வருமானம் எப்போது வருகிறது? காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வண்டிக்கு ஓய்விராது. பின்பு மிளகு, பலா, கோடைக்குச் சுற்றுலா. கனமழை பெய்யும் வாரங்களில் வண்டி வாசலிலேயே நிற்கும். நிலத்திற்குப் பருவம் உண்டு. தவணைக்குப் பருவம் இல்லை. மாதந்தோறும் அதே தேதியில் அது கதவைத் தட்டும்.

பிரியமானவர்களே, தவணை கட்ட முடியாத ஓட்டுநர் என்ன செய்வார்? வாடகையை உயர்த்திக் கேட்பார். நாம் பேரம் பேசுவோம். "இல்லையென்றால் வேறு வண்டி இருக்கிறது" என்போம். அப்போது அவருக்கு மீதமிருப்பது ஒரே வழி, பாரத்தைக் கூட்டுவது. 1,700 கிலோ ஏற்றத்தக்க வண்டியில் ஐம்பது கிலோ மூட்டைகள் 34 ஏற்றலாம். அதில் ஐம்பது மூட்டை ஏறும். பிடிபட்டால் 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். பிடிபடாவிட்டால் அந்தப் பாரத்தோடு சேலத்திற்குச் செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்க வேண்டும். பிரேக் சூடேறி நாற்றமெடுக்கும் அந்த இறக்கத்தை நீங்கள் அறிவீர்கள்.

இவ்விடத்தில் என் தவறை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அறுப்பின் பண்டிகைக்காகச் சேலத்திலிருந்து அரிசி, பாத்திரங்கள், நாற்காலிகள் எல்லாம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓட்டுநர் இரண்டு நடை ஆகும் என்றார். நான், "சபைக் காரியம் தம்பி, ஒரே நடையில் பார்த்துக்கொள்" என்றேன். அவர் மறுக்கவில்லை, போதகரிடம் எப்படி மறுப்பார்? எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றினார். நம் வாலிபர் அறுவர் அந்தப் பாரத்தின்மேல் அமர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் வண்டி ஏறமாட்டாமல் நின்று, சில அடி தூரம் பின்னோக்கி உருண்டது. ஒருவன் குதித்துச் சக்கரத்தின்கீழ் கல் வைத்தான். இது எனக்குப் பல வாரங்கள் கழித்தே தெரியவந்தது. நான் மிச்சம் பிடித்தது 1,200 ரூபாய். பண்டிகைக் கணக்கில் அதைச் சிக்கனம் என்று எழுதி, கமிட்டியில் பாராட்டும் பெற்றேன். ஆறு தாய்மார்களின் பிள்ளைகளை அந்தப் பணத்திற்கு ஈடாக வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது.

எல்லோருக்கும் அந்தக் கல் கிடைப்பதில்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில், கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பதினொருவர் மாண்டனர். அவர்களும் நம்மைப் போல் மலையில் வாழ்ந்தவர்கள், தொழுகைக்குப் புறப்பட்டவர்கள். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமையும் வண்டிக்காரர் தலையிலேயே விழக்கூடும். ஆகவே கல்யாணமானாலும் அடக்க ஆராதனையானாலும், நம் சபையார் இனிப் பிக்கப்பின் பின்தொட்டியில் ஏறவேண்டாம்.

வேதம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், மாவரைக்கும் திரிகைக் கல்லைக் கடனுக்கு அடகாக எடுக்கலாகாது என்னும் கட்டளை இருக்கிறது. கல்லை எடுத்தால் அந்த வீட்டில் மறுநாள் அப்பம் இல்லை. எனவே அது உயிரையே அடகாக எடுப்பதற்கு ஒப்பாகும் என்று மோசே கருதினார். நம் மலையில் அந்தத் திரிகைக் கல் நான்கு சக்கரத்தோடு நிற்கிறது. தவணை தவறினால் முதலில் இழுத்துச் செல்லப்படுவது அதுவே. வண்டி போனபின் கடனைத் தீர்க்கும் வழியும் போய்விடுகிறது. இப்படி இழந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அந்த வண்டிக்கு மாலையிட்டு, எண்ணெய் பூசி, ஸ்தோத்திர ஜெபம் செய்தவனும் நானே. ஜெபம் முடிந்ததும் தேநீர் அருந்திவிட்டு வந்தேன். தவணை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்லுகிறது. நம்மைப் பகைக்கிறவனுடைய கழுதை பாரத்தோடு விழுந்து கிடந்தாலும், விலகிப் போகாமல் உதவ வேண்டும் என்கிறது. பகைவனின் கழுதைக்கே இந்த இரக்கம் என்றால், நம்மோடு திருவிருந்தில் பங்குபெறும் சகோதரனின் பாரத்திற்கு எவ்வளவு அதிகம்!

ஆகையால் சிலவற்றைத் தாழ்மையோடு சொல்லுகிறேன். வாலிபரே, கையெழுத்திடுமுன் கணக்கிடுங்கள். ஒளிவிளக்குகளுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் கடன் வாங்காதீர்கள். தவணை தடுமாறும் முதல் மாதத்திலேயே வெட்கப்படாமல் வாய்திறந்து சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவித்திருக்கிறது. மிரட்டலுக்கு அஞ்சி மேலும் கந்துவட்டியில் விழாதீர்கள். தோட்டம் உடையவர்களே, வாடகை பேசும்போது, திரும்பி வரும் வெறும் வண்டிக்கும் டீசல் வேண்டும் என்பதை நினையுங்கள். அளவோடு ஏற்றச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுங்கள். அறுவடை முடியும்வரை நிலுவை வைக்காதீர்கள். வண்டியின் விலையை நம்மால் குறைக்க இயலாது. அதை ஒருவன் தனியே சுமப்பதை நம்மால் நிறுத்த இயலும்.

அந்த வாலிபனுக்கு நான் இன்னும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "தம்பி, இந்த அறுவடைக்கு யார் யார் உன்னை அழைப்பார்கள், நடைக்கு என்ன வாடகை தருவார்கள், எத்தனை மூட்டை ஏற்றச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. கணக்கு நின்றால் நானும் நிற்பேன். நிற்காவிட்டால், நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி ஒன்றை உன் மாமாவோடு கூட்டாக வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்" என்றேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிப் போனான்.

இந்த வாரம் அவன் அந்தத் தாளோடு உங்களில் சிலருடைய வீட்டு வாசலுக்கு வருவான். அவனிடம் என்ன எண்ணைச் சொல்லப்போகிறீர்கள் என்பதை, அவன் வருமுன் முழங்காலில் நின்று தீர்மானியுங்கள்.

நம் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிக்கும் கர்த்தர், பிறருடைய பிரயாசத்தைக் குறைத்து மதிப்பிடாத இருதயத்தையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.