எழுதுகோலை வைத்த இசைப் பேரறிஞர்

இத்தாலிய நாட்டிற் பிறந்த ரொசினி என்னும் இசைப் பேரறிஞர், 1829 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பாரிசு நகரில் ‘வில்லியம் தெல்’ என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றினார். அப்பொழுது அவருக்கு வயது 37. அதன்பின் 1868 இல் உயிர் நீங்குங்காறும் மற்றோர் இசைநாடகம் அவர் இயற்றினாரல்லர். இயற்றியவை 39, இயற்றாதிருந்த ஆண்டுகளும் 39.

புகழின் உச்சியில் நின்றவர் ஏன் இவ்வாறு செய்தார்? ‘சோம்பல்’ என்பதே பலர் கூறும் விடை. அவர் உணவிற் பெருவிருப்புடையார். மாட்டிறைச்சிக் கறியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஆதலின் அடுக்களைக்காக அரங்கைத் துறந்தார் என்று நகையாடுவர். யானும் வகுப்பறையில் ஒருகால் அவ்வாறு கூறி மாணவரைச் சிரிப்பித்ததுண்டு. அதனை நினைந்து இன்று நாணுகின்றேன்.

அவர்தம் உழைப்பை நோக்குவோர் அங்ஙனம் கூறார். 1810 இல், பதினெட்டாம் வயதில், வெனிசு நகரில் அவரது முதல் நாடகம் அரங்கேறியது. 1812 ஆகிய ஓராண்டில் மட்டும் ஐந்துக்குக் குறையாத நாடகங்கள் மேடை கண்டன. இன்றும் உலகெங்கும் நடிக்கப்பெறும் ‘செவில் நகர நாவிதன்’ 1816 இற் சில வாரங்களுள் எழுதி முடிக்கப்பட்டது. அதற்கெனப் புதியதொரு முன்னிசை அமைக்க நேரமின்றி, வேறு நாடகங்களுக்கு முன்னர் வைத்த இசையையே மீண்டும் எடுத்துக் கோத்தார்! அரங்க முதல்வர்கள் நாள் குறித்து நெருக்கப் பத்தொன்பது ஆண்டுகள் இவ்வாறு எழுதியவரையோ சோம்பர் என்பது?

வெளிக் காரணங்களும் இருந்தன. பிரான்சிய அரசு அவரோடு செய்த ஒப்பந்தமும், வாழ்நாள் உதவித்தொகையும், 1830 இற் சாள்சு மன்னன் முடியிழந்த புரட்சியாற் சிக்கலுற்றன. தொகைக்காக அவர் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. உடல்நோயும் உளச்சோர்வும் அவரைப் பல்லாண்டு வாட்டின.

ஆயினும் இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டென்பது என் கருத்து. அவர் அறிந்த பாட்டுமுறை அவர் கண்முன்னே மாறிற்று. மென்மையும் நுண்மையும் வாய்ந்த குரல் நெகிழ்ச்சியைப் போற்றியவர் அவர். 1837 இல் துப்ரே என்னும் பாடகர் அதே ‘வில்லியம் தெல்’ நாடகத்தில் உச்சச் சுரத்தை நெஞ்சுக் குரலால் முழங்கப் பாரிசு நகரம் ஆரவாரித்தது. ரொசினியோ அதனை வெறுத்தார். புதிய சுவைக்கேற்பத் தம்மை வளைப்பதா, பழையதையே மீண்டும் மீண்டும் கூறுவதா? இரண்டும் செய்யாமல் அவர் ஒதுங்கினார். ஐம்பது கடந்தும் பழைய பாடக்குறிப்புகளையே புரட்டிக்கொண்டு வகுப்பிற்குச் செல்லும் என்போன்றார்க்கு அத்துணிவு வியப்பைத் தருகின்றது. சிறிது பொறாமையையும் தருகின்றது.

‘உலகத்துக்குச் சேரவேண்டிய செல்வத்தை மறைத்தார்’ என்று குறைகூறுவாரும் உளர். முப்பத்தொன்பது நாடகங்களைப் பெற்றுக்கொண்டவர், நாற்பதாவதைக் கடனென்று கேட்க என்ன உரிமையுடையார்?

அவர் இசையைத் துறந்தாரென்பதும் பிழை. முதுமையில், வார இறுதிகளில் தம் இல்லத்திற் கூடிய நண்பர்க்கெனப் பல சிறு பாடல்கள் இயற்றி, ‘முதுமைப் பாவங்கள்’ என அவற்றுக்குத் தாமே பெயரிட்டார். 1864 இல் ஒரு செல்வர் மாளிகையிற் சிலர் கேட்கத் தேவாலய வழிபாட்டிசை ஒன்றை அளித்தார். பிறர் கைவைத்துக் கெடுத்தல் கூடாதென்று, பின்னர் அதனைப் பெருங்குழுவுக்கும் தாமே அமைத்து வைத்தார். அவ்வடிவம் 1869 இல், அவர் மறைந்த சில மாதங்களின் பின்னரே, பாரிசு அரங்கில் ஒலித்தது.