கிர்ணியில் தொடங்க வேண்டிய சிகிச்சை

சீலியாக் நோய்க்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனதும், இந்த நோயாளியின் எதிர்ப்பு சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு வயிற்றில் தொந்தரவே இல்லாமல் தீராத இரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு, பெரியவர்களுக்கு எலும்பு மெலிவு, கருத்தரிப்பதில் சிக்கல் என்று அது பல வேடங்களில் வருகிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைதான் காரணம் என்று 1950-இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். அன்று முதல் இன்று வரை சிகிச்சை ஒன்றுதான்: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் துளியும் இல்லாத உணவு. உணவே மருந்து என்றால், அந்த மருந்தில் கலப்படம் இல்லாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? மாத்திரையில் கலப்படம் இருந்தால் அரசு கேட்கிறது. மாவில் இருந்தால் நோயாளியின் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறது. இந்த நிலை மாற வேண்டும். மாற்றத்தைப் புணேயின் ஔந்த் போன்ற ஒரு பகுதியிலேயே தொடங்க முடியும் என்பது நமது நிலைப்பாடு.

ஔந்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களும், அவர்களுடைய வீடுகளில் வேலை செய்யும் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இடம் அது. மாவட்ட அரசு மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், சீலியாக் நோயாளிக்கு வேண்டிய தானியத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. நாட்டில் சோளம் விளைவிப்பதில் மகாராஷ்டிரா முன்னணி மாநிலம். சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேடாவின் மால்தாண்டி சோளம் புவிசார் குறியீடு பெற்றது. சோள பாக்ரி (தட்டை ரொட்டி), கம்பு பாக்ரி, கேழ்வரகு, விரத நாட்களின் ஜவ்வரிசிக் கிச்சடி, ராஜ்கிரா (தண்டுக்கீரை விதை), விநாயகர் சதுர்த்திக்கு அரிசி மாவில் ஆவியில் வேகவைக்கும் உகடீசே மோதக் ஆகிய எதிலும் இயற்கையாகக் குளூட்டன் கிடையாது. மேற்கு நாடுகளின் நோயாளிகள் தொழிற்சாலை ரொட்டிக்குக் காத்துக்கிடக்க, மராட்டியச் சமையலறை பாட்டன் காலத்திலிருந்தே இந்தப் பத்தியத்துக்குத் தயாராக இருக்கிறது. நம் இட்லியும் இடியாப்பமும் அப்படித்தான்.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? மாவரைக்கும் கிர்ணியில். தெருவுக்குத் தெரு இருக்கும் சிறிய கிர்ணிகளில் பலவற்றில் ஒன்றிரண்டு இயந்திரங்களே இருக்கும். காலையிலிருந்து கோதுமை அரைத்த கல்லில் அடுத்ததாகச் சோளத்தைக் கொட்டுகிறார்கள். கல்லின் இடுக்கிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருந்த கோதுமை மாவு சோள மாவோடு வந்துவிடுகிறது. இதைப் பெரிதுபடுத்துவதாக நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அளவுகோல். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே ஏற்றிருக்கிறது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு கிலோ சோள மாவில் கால் கிராமுக்கும் குறைவான கோதுமை மாவு, அதாவது இரு விரல் நுனியில் அள்ளக்கூடிய அளவு சேர்ந்தாலே எல்லை தாண்டிவிடும். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனால் குடல் சேதமடைவதை இத்தாலிய ஆய்வொன்று 2007-இல் காட்டியது. அந்த 50 மில்லிகிராம் என்பது அரை கிராம் கோதுமை மாவு. பத்தியம் தவறாமல் பாக்ரி மட்டுமே சாப்பிட்டும் குணமாகாத நோயாளியை “எங்கேயோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாய்” என்று வீட்டார் கடிந்துகொள்வதற்கு முன், மாவு எங்கே அரைபட்டது என்று கேட்க வேண்டும்.

வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாமே என்பது உடனே வரும் பதில். வசதியுள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மகாராஷ்டிராவில் ‘கர்கண்டி’ எனப்படும் வீட்டு மாவரைக்கும் இயந்திரம் பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் விலை பல ஆயிரம் ரூபாய்; ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு அதை வைக்க இடமும் இல்லை. மருந்தை நோயாளியே தயாரித்துக்கொள்ளட்டும் என்று வேறு எந்த நோய்க்கும் நாம் சொல்வதில்லை. கூட்டாகச் செய்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. மாவட்டப் பரிஷத்கள் பெண்களுக்கு மானியத்தில் மாவரைக்கும் இயந்திரம் தரும் திட்டங்களை மகாராஷ்டிராவில் ஏற்கெனவே நடத்தியிருக்கின்றன. அதே முறையில் வார்டுக்கு ஒரு மகளிர் குழுவுக்கு ஓர் இயந்திரம் கொடுத்து, அதில் கோதுமையும் பார்லியும் ஒருபோதும் ஏறக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை விதித்தால் போதும். சோளமும் கம்பும் கேழ்வரகும் அரிசியும் அரைக்க ஊரே வரும் என்பதால் இயந்திரம் சும்மா கிடக்காது. அவ்வப்போது மாவின் மாதிரியைச் சோதித்துப் பார்ப்பது மாநில உணவு, மருந்து நிர்வாகத்தின் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாவது தடை ரேஷன் கடை. அங்கே முக்கியமாகக் கிடைப்பவை கோதுமையும் அரிசியும். சீலியாக் நோயாளி உள்ள ஏழைக் குடும்பத்துக்கு அந்தக் கோதுமை உதவியாக வரவில்லை, ஆபத்தாக வருகிறது. இலவசமாக வந்ததைத் தூக்கிப் போட மனம் வராது. மற்றவர்களுக்குச் சப்பாத்தி இட்ட அதே பலகையில், அதே தோசைக்கல்லில் நோயாளியின் பாக்ரியும் தயாராகும். இதை மாற்றப் புதுச் சட்டம் தேவையில்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு தானியம் என்பதற்குள் அரிசி, கோதுமையோடு சிறுதானியங்களையும் சேர்த்தே சொல்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ என்ற உரிமையில் கோதுமைப் பங்கைச் சோளமாகவோ அரிசியாகவோ மாற்றித் தருவதற்கு மருத்துவச் சான்றிதழும் நிர்வாக உத்தரவும் போதும். கொள்முதல் செய்த சோளத்தைச் சில மாவட்டங்களில் ரேஷனில் கொடுத்த அனுபவமும் மாநிலத்துக்கு உண்டு. இந்தியாவின் முன்மொழிவால்தான் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்தப் பெருமிதம் விருந்துகளில் பரிமாறப்பட்டது. சோளம் உயிர்காக்கும் உணவாக இருக்கும் இவர்களிடம் வந்து சேரவில்லை. இத்தாலியில் சீலியாக் நோயாளிகளுக்குக் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசே மாதந்தோறும் பணம் தருகிறது. நாம் கேட்பது பணம்கூட இல்லை, மூட்டையை மாற்றிக் கொடுப்பதுதான்.

இவ்வளவும் எத்தனை பேருக்காக என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வட, வடகிழக்கு, தென்னிந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வு, வடக்கே ஆயிரத்தில் 8.53 பேருக்கும், அஸ்ஸாமில் 4.66 பேருக்கும், தமிழ்நாட்டில் 0.11 பேருக்கும் இந்த நோய் இருப்பதாகக் கண்டது. வடக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பது அரிய நோயின் எண்ணிக்கை ஆகாது. தமிழர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆய்வில், நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் வடக்கில் 38.1 சதவீதத்தினரிடமும் தெற்கில் 36.4 சதவீதத்தினரிடமும் இருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையோ வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். அஸ்ஸாமிலும் கோதுமை குறைவாகவே உண்கிறார்கள் என்பதால் கோதுமை ஒன்றே முழு விளக்கமாகிவிடாதுதான். என்றாலும் மரபணு தயாராக இருக்கும் ஒரு சமூகம் கோதுமைக்கு மாறும்போது விழிப்பாக இருக்க வேண்டியது அவசியம். தமிழ்நாட்டிலேயே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு சப்பாத்தி ஆகிவிட்டது; புணேயின் கட்கியிலும் ஔந்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மூன்று வேளையில் இரண்டு கோதுமைதான். தெற்கத்திக்காரருக்கு இது வராது என்ற எண்ணம் மருத்துவருக்கும் இருந்தால், இரத்தசோகைக்கு வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை மட்டுமே எழுதித் தரப்படும்.

இன்னொரு மறுப்பு, குளூட்டன் ஒதுக்குவது பணக்காரர்களின் மோகம் என்பது. அந்த மோகம் இருப்பது உண்மை. புணேயின் பெரிய கடைகளில் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பாஸ்தாவும் சாதாரண மாவின் விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கின்றன. ஆனால் மோகம் நோயாளிக்குச் செய்யும் கெடுதல் விலையோடு நிற்பதில்லை. எடை குறைய வேண்டும் என்று கேட்பவரையும், குடல் வெந்துபோகும் என்பதால் கேட்பவரையும் ஓட்டல்காரர் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார். “கொஞ்சம்தானே ரவை” என்கிறார். தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகிறவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, இருக்கும் நோயும் தெரியாமல் போய்விடுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. மோகத்தைக் காட்டி நோயைப் புறந்தள்ளுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

அரிசி உண்பவருக்கு இது எளிது என்ற நம்பிக்கைக்கும் ஓட்டை உண்டு. அந்த ஓட்டை பெருங்காய டப்பா. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று நம் சமையலில் அது இறங்காத பாத்திரம் குறைவு. குளூட்டன் உள்ள தானியத்தைப் பொட்டலத்தின் மேல் அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. பொட்டலத்துக்கு அது சரி; சில்லறையாக அளந்து கொடுக்கும் மசாலாவுக்கும் மாவுக்கும் லேபிள் ஏது? ஓட்டல்களில் ஒவ்வாமைத் தகவல் தரும் கட்டாயமும் மத்திய உரிமம் பெற்றவை, பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை பரப்பியவை போன்ற பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. மால்ட் சேர்த்த சத்து பானத்தில் பார்லி இருப்பதும் குழந்தைக்கு அதைக் கலக்கிக் கொடுக்கும் தாய்க்குத் தெரிவதில்லை. குளூட்டன் இருந்தால் பொட்டலத்தின் முன்பக்கத்தில், பச்சைப் புள்ளி போல ஓர் அடையாளம் போட வேண்டும். பொடி எழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கும் குடல் ஒன்றுதான்.

ஔந்த் மாவட்ட மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில், காரணம் தெரியாத இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, முதல் வகை நீரிழிவு ஆகியவற்றோடு வரும் குழந்தைகளுக்கும், நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் சீலியாக் இரத்தப் பரிசோதனை இலவசமாகவும் வழக்கமாகவும் செய்யப்பட வேண்டும். நோய் உறுதியானதும் அதே மேசையில் ரேஷன் மாற்றத்துக்கான சான்றிதழும், கோதுமை ஏறாத கிர்ணியின் முகவரியும் கையில் கிடைக்க வேண்டும். புணே மாவட்ட ஆட்சியரும் மாநகராட்சி ஆணையரும் இதற்கான உத்தரவுகளை வரும் நிதியாண்டுக்குள் பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.